சென்னை – மதுரை: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிட முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரு தளம் அரை மணி என்னும், இன்னொன்று ஐம்பது நிமிடம் என்னும், டிக்கெட்டில் ஒன்றேகால் மணி என்று அச்சாகியிருக்கும். மூன்றும் அதனதன் கணக்கில் சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தை அளக்கிறது, அவ்வளவே. இதில் எது உங்களுக்குத் தேவை என்று தெரியாமல் காலை விமானத்தை முன்பதிவு செய்துவிட்டு, மதியம் போய்ச் சேர்ந்தவர்கள் நிறைய.

அலுவலகத்தில் பயண ஏற்பாடு பார்க்கும் புதியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். கணக்கு கடினமில்லை, வரிசை மாறினால்தான் எல்லாம் குழம்பும். கீழே இருப்பது நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசை. எடுத்துக்காட்டு சென்னை–மதுரை, ஊர்ப் பெயரை மாற்றினால் எந்த இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

கையில் இருக்க வேண்டியவை

கொசைன் பொத்தான் உள்ள கால்குலேட்டர் (கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்), வரைபடச் செயலி ஒன்று, பயணம் செய்யும் தேதி, அந்தத் தேதியில் அந்தத் தடத்தில் ஓடும் விமானத்தின் வகை. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முன்பதிவுப் பக்கத்தில் விமான எண்ணுக்குப் பக்கத்திலேயே ஏர்பஸ் 320 என்றோ ஏடிஆர் என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள், ஆறாம் படியில் வேண்டும்.

1. எங்கிருந்து எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

“சென்னை” என்பது ஒரு புள்ளி இல்லை. விமானத்துக்கு அது மீனம்பாக்கம். ரயிலுக்கு எழும்பூர். தென்மாவட்டப் பேருந்துகளுக்கு இப்போது கிளாம்பாக்கம். மதுரையிலும் அப்படித்தான்: விமான நிலையம் அவனியாபுரத்துக்கு அப்பால், ஜங்ஷன் நகருக்கு நடுவில், பேருந்து மாட்டுத்தாவணியில்.

அதனால்தான் ஒரே இரண்டு ஊருக்கு வான்வழியில் 416 கிலோமீட்டர், சாலையில் சுமார் 460, ரயிலில் 490-க்குச் சற்று மேல் என்று மூன்று எண்கள் கிடைக்கின்றன. ரயில் விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல் என்று வளைந்து வருவதால் அதன் எண் பெரிது. சாலைத் தூரத்தை விமான வேகத்தால் வகுப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் எந்த வழி என்று குறித்து வையுங்கள்.

சென்னை–மதுரையில் ஊர் நடுவிலிருந்து அளந்தாலும் நிலையத்திலிருந்து அளந்தாலும் நான்கைந்து கிலோமீட்டர்தான் மாறும். எல்லா ஊரும் இப்படி இரக்கம் காட்டாது. பெங்களூரு விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. திருநெல்வேலிக்காரர்கள் ஏறி இறங்குவது தூத்துக்குடி மாவட்டத்து வாகைக்குளத்தில்.

2. நேரடி விமானம் இருக்கிறதா என்று பாருங்கள்

தூரம் சொல்லும் தளங்கள் எந்த இரண்டு புள்ளியைக் கொடுத்தாலும் ஒரு பறக்கும் நேரம் சொல்லிவிடும். மதுரை–திருச்சி என்று கேட்டாலும் சொல்லும். நிலையத்துக்கு நிலையம் நேர்க்கோட்டில் 123 கிலோமீட்டர். நான்கு வழிச்சாலையில் காரில் இரண்டு மணி நேரத்தில் போகும் ஊருக்கு யார் விமானம் விடப்போகிறார்கள்? அந்தத் தளத்துக்கு அது தெரியாது, அது வகுத்தல் மட்டுமே செய்கிறது.

இதைவிடப் பெரிய பள்ளம் சென்னை வழியாக மாறிப் போகும் தடங்கள். கோயம்புத்தூர் நிலையத்திலிருந்து தூத்துக்குடி நிலையத்துக்கு நேர்க்கோட்டில் 277 கிலோமீட்டர். சென்னையில் மாறினால் முதலில் 404, பிறகு 527, ஆக 931 கிலோமீட்டர் பறக்கிறீர்கள். நடுவில் சென்னையில் காத்திருப்பு வேறு. சாலை வழியோ 350 வாக்கில்தான். இந்த ஜோடிக்கு விமானம் கேட்டு வருபவரிடம் இரவுப் பேருந்தோ ரயிலோ பாருங்கள் என்பேன்.

மாறித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு பயணத்தையும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் பொறுப்பு உங்களுடையது.

3. நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள்

வரைபடச் செயலியில் ஓடுபாதையின் நடுவில் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். சென்னைக்கு 12.994, 80.171. மதுரைக்கு 9.835, 78.093. முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. தமிழ்நாட்டுக்குள் முதல் எண் 8 முதல் 14-க்குள்ளும், இரண்டாவது 76 முதல் 81-க்குள்ளும் இருக்கும். வெளியே போனால் இடம் மாற்றி எழுதிவிட்டீர்கள் என்று பொருள்.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கும், கண்ணுக்கும் தெரியாது. சில பட்டியல்களில் பாகையும் (டிகிரி) கலையுமாக (டிகிரியின் உட்பிரிவு) 12°59′ என்று இருக்கும். அதை 12.59 என்று எழுதக் கூடாது. ஒரு பாகைக்கு 60 கலை. 59-ஐ 60-ஆல் வகுத்தால் 0.983. ஆக 12.983. 12.59 என்று எழுதினால் சென்னை விமான நிலையம் 43 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். விடை நம்பும்படியாகவே வரும் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

4. நேர்க்கோட்டுத் தூரம்

இவ்வளவு குறுகிய தூரத்துக்கு எட்டாம் வகுப்பு பித்தாகரஸ் போதும். ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும் பயணங்களுக்குத்தான் பூமியின் உருண்டையைக் கணக்கில் எடுக்கும் சூத்திரம் தேவை. அங்கே ஏதாவது பெருவட்டத் தூரக் கணிப்பானைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வடக்கு–தெற்கு: 12.994 – 9.835 = 3.159 பாகை. நம் பகுதியில் ஓர் அட்சப் பாகை சுமார் 110.6 கிலோமீட்டர். பெருக்கினால் 349.

கிழக்கு–மேற்கு: 80.171 – 78.093 = 2.078 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் இதற்கு ஒரு திருத்தம் வேண்டும். இரண்டு அட்சங்களின் சராசரி 11.41, அதன் கொசைன் 0.980. ஆக 2.078 × 111.3 × 0.980 = 227.

இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 416 கிலோமீட்டர்.

கொசைன் 0.98 என்று வராமல் 0.4 என்று வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் 360 வாக்கில் ஒரு தூரம் வரும். இதுவும் பார்க்கச் சரிபோலவே இருக்கும்.

திருத்தமே செய்யாமல் இரண்டு பக்கமும் 111-ஆல் பெருக்குபவர்களுக்கு இங்கே மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் பிசகும். காரணம் நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இதே பழக்கத்தை டெல்லிப் பக்கம் கொண்டுபோனால் ஒரு தீர்க்கப் பாகை 98 கிலோமீட்டருக்குச் சுருங்கியிருக்கும், பிழை பெரிதாகும்.

அலகையும் பாருங்கள். இதே தூரம் 259 மைல், அல்லது 225 கடல் மைல். விமானத்துறைத் தகவல்கள் கடல் மைலில் (ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர்), பொதுத் தளங்கள் சாதாரண மைலில் தருகின்றன. மைல் என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த மைல் என்று கேளுங்கள்.

5. விமானம் உண்மையில் பறக்கும் பாதை

எந்த விமானமும் அந்த 416-ஐ மட்டும் பறப்பதில்லை. காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மதுரை இருப்பது சென்னைக்குத் தென்மேற்கே. வடகிழக்குப் பருவக் காற்றில் கிழக்கு நோக்கி எழும்பும் விமானம் முதலில் கடல் மேல் போய், பிறகு திரும்பித்தான் மதுரைப் பக்கம் முகம் வைக்கும். தென்மேற்குப் பருவத்தில் மேற்கு நோக்கியே எழும்புவதால் இந்தச் சுற்று குறையும். மதுரையின் ஓடுபாதையும் கிழக்கு மேற்காகத்தான் கிடக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் விமானம் அங்கேயும் வளைந்து நேராக வேண்டும்.

இத்தனைக்கும் சேர்த்து நான் பத்து சதவீதம் கூட்டுவேன். குறுந்தூரப் பயணங்களுக்கு இது ஓரளவு சரியாக வருகிறது. ஆக 458 கிலோமீட்டர்.

6. வானில் இருக்கும் நேரம்

“ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும், ஆகவே அரை மணி.” இந்தப் பிழை இல்லாமல் யாரும் இந்தக் கணக்கைத் தொடங்கி நான் பார்த்ததில்லை. உயரத்தில் சீராகப் பறக்கும்போதுதான் அந்த வேகம். பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர்தான் அனுமதி. சென்னை–மதுரைக்குள் அந்தச் சீரான பகுதி மிகவும் சின்னது. ஆகவே பயணத்தை மூன்றாகப் பிரியுங்கள்.

ஏர்பஸ் 320 சுமார் 28,000 அடிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு 18 நிமிடம். அதற்குள் 170 கிலோமீட்டர் கடந்துவிடும். இறக்கத்துக்கு விமானிகளிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 28,000 அடிக்கு 84 கடல் மைல், அதாவது 155 கிலோமீட்டர். வேகத்தைக் குறைத்து ஓடுபாதைக்கு நேராக வர இன்னும் 20 சேருங்கள். இந்த 175 கிலோமீட்டருக்கு 22 நிமிடம். நடுவில் மிஞ்சுவது 113 கிலோமீட்டர், 9 நிமிடத்துக்கும் குறைவு. மொத்தம் 49 நிமிடம். 800 கிலோமீட்டர் வேகம் என்று நம்பி டிக்கெட் எடுத்தவர் அந்த வேகத்தில் பறப்பது ஒன்பதே நிமிடம்!

ஏடிஆர் 72, இறக்கையில் சுழலும் விசிறிகளால் பறக்கும் (டர்போபிராப்) விமானம். சீரான வேகம் மணிக்கு 500 வாக்கில். அவ்வளவு உயரம் ஏறுவதும் இல்லை. ஏற்றம் 15 நிமிடம், 90 கிலோமீட்டர். இறக்கம் 17 நிமிடம், 110 கிலோமீட்டர். நடுவில் 258 கிலோமீட்டருக்கு 31 நிமிடம். மொத்தம் 63.

வேகத்தில் மணிக்கு 300 கிலோமீட்டர் வித்தியாசம், நேரத்தில் 14 நிமிடம்தான். ஏடிஆர் என்றதும் முகம் சுளித்துக்கொண்டு கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுத்து ஜெட் விமானத்துக்கு மாறுபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுவேன். (உயரம் குறைவாகப் பறப்பதால் மழைமேகத்தில் ஏடிஆர் கொஞ்சம் கூடுதலாக ஆடும் என்பதும் உண்மை. அது வேறு காரணம், அதற்காக மாறினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.)

காற்றால் இந்தத் தடத்தில் கூடுவதும் குறைவதும் சில நிமிடங்களே. புதியவர்கள் இதில் காலம் கடத்த வேண்டாம்.

7. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம்

டிக்கெட்டில் உள்ள புறப்பாடு, விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரும் நேரம். சேரும் நேரம், மதுரையில் போய் நிற்கும் நேரம். தரையில் ஊர்ந்து போவதும் இதில் அடக்கம். சென்னையில் ஓடுபாதை முனைக்குப் போய் வரிசையில் நிற்க 10 முதல் 15 நிமிடம், மதுரையில் இறங்கி நிற்க 5 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்பஸ்ஸுக்கு 66, ஏடிஆருக்கு 80 நிமிடம் வரும். அட்டவணைகளில் பெரும்பாலும் 1.10 முதல் 1.30 மணி வரை இருப்பதைப் பார்ப்பீர்கள். மேலதிக நிமிடங்கள் விமான நிறுவனம் பாதுகாப்புக்காகச் சேர்த்துக்கொள்வது. அதனால்தான் கால் மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாள் சரியான நேரத்துக்கு வந்து நிற்கிறது.

திரும்பும் பயணத்துக்கு இதே எண்ணைத் தூக்கி வைக்காதீர்கள். சென்னையில் நெரிசல் நேரத்தில் இறங்க வரிசை உண்டு. சில நிமிடம் வானிலேயே சுற்ற வைப்பார்கள்.

8. வீட்டு வாசலிலிருந்து, பின்னோக்கி

இந்தப் படியில்தான் நிறையப் பேருக்குப் பயணம் கெடுகிறது. காரணம் முன்னோக்கிக் கணக்கிடுவது. ஏழு மணி விமானம், எட்டே கால் மதுரை, எட்டரைக்கு வேலையைத் தொடங்கலாம் என்று போகும் அந்தக் கணக்கு. சேர வேண்டிய நேரத்தில் தொடங்கிப் பின்னால் வாருங்கள்.

வில்லிவாக்கத்தில் வீடு, ஒத்தக்கடைப் பக்கம் உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் காலை 10 மணிக்கு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

விமான நிலையத்திலிருந்து ரிங் ரோடு வழியாக ஒத்தக்கடைக்குக் காரில் முக்கால் மணி: 9.15-க்கு வண்டியில் ஏற வேண்டும். விமானம் நின்றதிலிருந்து வெளியே வரக் கைப்பை மட்டும் என்றால் கால் மணி: 9.00. பெல்ட்டில் பெட்டி வர வேண்டுமென்றால் இன்னும் கால் மணி சேருங்கள். தாமதத்துக்கு அரை மணி ஒதுக்குங்கள்: 8.30. இதுதான் டிக்கெட்டில் நீங்கள் தேட வேண்டிய சேரும் நேரம். பயணம் 1.20 மணி: 7.10 புறப்பாடு. அதற்கு ஒன்றரை மணி முன் நிலையத்தில்: 5.40. வில்லிவாக்கத்திலிருந்து விடியற்காலைச் சாலையில் 50 நிமிடம்: 4.50-க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

49 நிமிடம் வானில் இருக்க மொத்தம் 5 மணி 10 நிமிடம்.

அந்த ஒன்றரை மணியைக் குறைக்கப் பார்ப்பவர்கள் கவனிக்க: உள்நாட்டுப் பயணத்துக்குச் செக்-இன் கவுன்டர் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன்பும், கேட் 25 நிமிடத்துக்கு முன்பும் மூடப்படும். பெட்டி போடுபவர் 65 நிமிடம் இருக்கும்போது வாசலில் இறங்கினால் கவுன்டரைத் தவறவிடுவார். சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முனையம் இருக்கிறது. எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கார் ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.

திரிசூலம் ரயில் நிலையமும் மெட்ரோவும் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கின்றன. மாலை விமானத்துக்கு ஜிஎஸ்டி சாலையை நம்புவதைவிட அவை மேல். விடியற்காலை விமானத்துக்கு முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

9. ரயிலோடு ஒப்பிடுங்கள்

எட்டாம் படியைச் செய்யாமல் இதற்கு வராதீர்கள். 49 நிமிடத்தை ரயில் நேரத்தோடு ஒப்பிட்டால் ரயில் எப்போதும் தோற்கும். வாசலுக்கு வாசல்தான் ஒப்பிட வேண்டும்.

நாகர்கோவில் வந்தே பாரத் காலை ஐந்து மணிக்கு எழும்பூரில் கிளம்பிப் பத்தரையைத் தாண்டி மதுரை சேர்கிறது, புதன்கிழமை இல்லை. வில்லிவாக்கத்திலிருந்து எழும்பூர், மதுரை ஜங்ஷனிலிருந்து ஒத்தக்கடை எல்லாம் சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்குள் அடங்கும். விமானம் மிச்சப்படுத்துவது ஒன்றரை மணி சொச்சம். ஆனால் 10 மணி நீதிமன்றத்துக்கு இந்த ரயில் உதவாது. முந்தைய இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியலில் மதுரை. விழித்திருக்கும் நேரத்தில் ஒரு மணிகூடச் செலவில்லை. பெர்த் கிடைத்தால் நான் இதைத்தான் சொல்வேன். கிடைக்காதபோதும், அன்றே திரும்பியாக வேண்டுமென்ற போதும் விமானம்.

புறப்படும் இடமும் விடையை மாற்றும். குரோம்பேட்டைக்காரருக்கு விமான நிலையம் பக்கத்துத் தெரு மாதிரி. திருவொற்றியூர்க்காரருக்கு அது ஒரு தனிப் பயணம். ஒருவருக்குப் போட்ட கணக்கை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். எழும்பூரில் சீரமைப்பு வேலைகள் நடப்பதால் சில ரயில்கள் அவ்வப்போது தாம்பரத்துக்கு மாற்றப்படுகின்றன. புறப்படும் நிலையத்தைப் பயண நாளுக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

10. கடைசியாகச் சரிபார்த்தல்

ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்களில் அது எப்போது எழும்பியது, எப்போது இறங்கியது என்று வரும். அங்கே காட்டும் பறந்த நேரத்தை ஆறாம் படியின் விடையோடு ஒப்பிடுங்கள். ஏழாம் படியோடு ஒப்பிட்டால் பொருந்தாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விமான வகையை மாற்றிப் போட்டிருக்கலாம். நேரங்கள் ஐந்தரை மணி பின்தங்கி இருந்தால், தளம் உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது.

நாளையும் பாருங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சரியாகப் போனது வெள்ளி மாலையில் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எட்டாம் படியின் அரை மணி ஒதுக்கீட்டை ஒரு மணியாக்குங்கள். போகியன்று விடியற்காலையில் சென்னையிலிருந்து விமானம் வைக்கவே வேண்டாம். பனியோடு எரிப்புப் புகை சேர்ந்து ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் போவதும், விமானங்கள் தாமதமாவதும் திருப்பிவிடப்படுவதும் அந்தக் காலையில் பலமுறை நடந்தவை. பொங்கலுக்கு ஊர் போகிறவர் போகிக்கு முந்தைய நாளே கிளம்பிவிடலாம், அல்லது அன்று மதியத்துக்கு மேல் டிக்கெட் பார்க்கலாம்.